மூன்றாவது மாடி உயரத்தில் ஒரு ஸ்டிக்கர்

குற்றம் கண்டுபிடிப்பது என் தொழில். மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவு. அடுத்தவர் எழுதிய புரோகிராம் எங்கே உடையும் என்று தட்டித் தட்டிப் பார்த்து, உடைந்த இடங்களை வரிசையாக எழுதிக் கொடுத்து, பதினாறு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. நாம் செய்ததில் ஒருத்தர் நாற்பது பிழை எழுதித் தந்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது. கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கித் தர வேண்டும். பிடிக்காத வேலையை யாரும் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள் என்பது எங்கள் எண்ணம். இந்த வழக்கம் ஆபீஸ் கேட்டுக்கு வெளியே செல்லாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

நானும் என் வீட்டுக்காரரும் திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத் வந்த பிறகு பிறந்தவள் எங்கள் மகள். சைனிக்புரியில் வாடகை வீடு. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்வாள். “சாப்பிடுதியா?” என்றால் “வத்தும்மா” என்பாள். வேண்டாமாம். புரியாமல் இல்லை; எல்லாம் புரியும். திட்டினால் ஒரு வார்த்தை விடாமல் புரியும். அவள் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் தமிழில் வந்து எத்தனை நாளாயிற்று என்று சில சமயம் யோசிப்பேன். பிறகு குக்கர் விசில் அடிக்கும், யோசனை போய்விடும்.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீரை வாங்கக் கிளம்பினோம். வழியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டமாக இருந்தது. சொந்தமாகப் படக்கதை வரைந்து, சொந்தச் செலவில் அச்சடித்துக் கொண்டுவந்து விற்கிறவர்களின் சந்தை அது. மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு முறை, சங்கராந்தி முடிந்து ஒரு முறை என்று வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்குமாம். மூலை மேசையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தார். முப்பது, முப்பத்தைந்து வயது. மின்விசிறிக் காற்றில் புத்தகங்கள் பறக்காமல் இருக்க மேலே டிபன் பாக்ஸை வைத்திருந்தார். என் மகள் நேராக அந்த டிபன் பாக்ஸை நகர்த்தி ஒரு புத்தகத்தை எடுத்துவிட்டாள்.

ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய புத்தகம். உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிவப்பு. அது கதாநாயகியின் முதுகில் ஒட்டியிருந்த எல் ஸ்டிக்கர். கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் பின்கண்ணாடியில் ஒட்டுகிற அதே எல். அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயது. சூப்பர் ஹீரோ வேலைக்கு அப்ரண்டிஸாகச் சேர்ந்திருக்கிறாள். அவளால் எம்பிக் குதிக்க முடியும், ஆனால் இரண்டு மாடி உயரம்தான். அவளைப் பழக்குகிற பெண்மணிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. உடைக்கு மேல் முழங்காலில் உறை போட்டிருப்பார். அவள் அவரை மேடம் என்று கூப்பிடுவாள். தேறிவிட்டாய் என்று மேடம் சொல்கிற நாளில் ஸ்டிக்கரை உரித்துவிடலாம். அதுவரை ஊரே பார்க்க முதுகில் எல்லோடுதான் அலைய வேண்டும்.

நான் தமிழில் பேசியதைக் கேட்டு, அந்தப் பெண்ணும் தமிழில் பேசினார். செகந்திராபாத்தில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பமாம். “எங்க வீட்டுத் தமிழைக் கேட்டுட்டுச் சிரிக்க நக்கோ அக்கா,” என்றார். சிரிக்கக் கூடாதாம். பாலாநகரில் இயந்திர பாகங்கள் செய்கிற ஒரு பட்டறையில் வரைபடம் சரிபார்க்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் இது, என்றார். இரண்டு புத்தகங்கள் வந்திருந்தன. இரண்டையும் வாங்கினோம். கீரை வாங்க மறந்துபோனது.

படக்கதை என்றால் எனக்கு ஆகாது. வீட்டுக்காரர் டிவியில் பார்க்கிற சூப்பர் ஹீரோக்களைக் கண்டாலே எரிச்சல் வரும். பாதி ஊர் இடிந்துவிழும், அதற்குள்ளே ஒருவன் தாடையை இறுக்கிக்கொண்டு நிற்பான். இடிந்த வீட்டில் இருந்தவர்கள் மறுநாள் எங்கே சமைத்தார்கள் என்று யாரும் காட்ட மாட்டார்கள். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மகளுக்கு இந்தப் புத்தகத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே புரட்டியபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் கதை முழுக்க ஒரே வேலைதான். சங்கராந்திப் பட்டத்தின் மாஞ்சா நூல் சிக்கி ஒரு பருந்து மின்கம்பியில் தொங்குகிறது, அதை விடுவிக்க வேண்டும். முதல் தடவை குதிக்கிறாள், எட்டவில்லை. இரண்டாம் தடவை எட்டுகிறாள், பருந்து கொத்திவிடுகிறது. கீழே வந்து அழுகிறாள். மேடம் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. “மேலே இருந்து என்ன தெரிஞ்சது?” என்று மட்டும் கேட்கிறார். நூல் இரண்டு சுற்றுதான் சுற்றியிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கே ஞாபகம் வருகிறது. மூன்றாவது தடவை நூலைப் பிரித்துவிடுகிறாள், பருந்து பறந்துவிடுகிறது. கதை முடிந்தது. ஊரில் ஒரு சுவர்கூட இடியவில்லை.

அடுத்த சந்தையில் வந்த மூன்றாவது புத்தகத்தில் வில்லனே இருந்தான். தெருவிளக்குகளை எல்லாம் அணைத்துக்கொண்டு போகிறவன். பிடித்துக் கேட்டால், வீட்டு ஜன்னலுக்கு நேரே விளக்கு எரிவதால் அவனுக்கு ஆறு மாதமாகத் தூக்கமில்லையாம். இவள் எம்பி ஏறி அந்த ஒரு விளக்குக்கு மட்டும் தகரத்தில் மறைப்பு கட்டிவிடுகிறாள். அவன் வாசற்படியிலேயே தூங்கிவிடுகிறான். அந்தப் பக்கத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. மகள் கவனித்துவிட்டு, தூசியா என்று இங்கிலீஷில் கேட்டாள். ஆமாம் என்றேன்.

இப்போது யோசித்தால் ஏன் பிடித்தது என்று தெரிகிறது. நான் வேலை பார்க்கிற இடத்தில், தெரியாது என்று சொல்கிறவர்கள் யாரும் இல்லை. நாற்பது வயதுக்கு மேல் தெரியாது என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகிறது, இன்னும் காய்கறிக்காரரிடம் நான் தெலுங்கு பேசினால் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தராசைப் பார்ப்பார். எனக்கும் முதுகில் ஒரு சிவப்பு எல் இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தப்பு செய்தவளிடம் மறுநாள் காலையும் வேலைக்கு வா என்று சொல்கிற ஒரு ஊரை அந்தப் புத்தகத்தில் பார்த்தேன். அங்கே குடிபோகலாம் போல இருந்தது. எங்கள் வீட்டில் கதாநாயகிக்குப் பெயரே எல் போர்டுதான். “எல் போர்டு எப்ப வருவா?” என்று நான் கேட்பேன், மகள் விரல்விட்டு மாதக்கணக்கு சொல்வாள்.

நான்காவது புத்தகம் வந்தது. அதில் எல் போர்டு பெரிய தப்பு செய்துவிடுகிறாள். தண்ணீர்த் தொட்டியில் ஏறிய ஒரு ஆளை இறக்கும்போது கயிற்றை ஒரு நொடி விட்டுவிடுகிறாள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பாய்ந்து பிடிக்கப் போன மேடத்தின் கால் முறிந்துவிடுகிறது. அவள் முதுகிலிருந்து ஸ்டிக்கரைத் தானே உரித்து, அந்தத் தொட்டியின் சுவரில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறாள். கடைசிப் பக்கம் முழுவதும் வானமும் தொட்டியும்தான். நடுவே ஒரு சிவப்புப் புள்ளியாக அந்த ஸ்டிக்கர். திரும்பி வருவாளா என்று மகள் கேட்டாள். அடுத்த புத்தகத்தில் தெரியும் என்றேன். அவள் ராத்திரி சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டாள்.

அந்த வாரம்தான் நான் என் தொழிலைக் காட்டினேன். அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லி ஒரு மெயில் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், சத்தியமாக. நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதினேன். சப்பென்று இருந்தது. நாலு புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தேன். எல் போர்டின் மச்சம் ஒரு இடத்தில் வலது கன்னத்தில், இன்னொரு இடத்தில் இடது கன்னத்தில். தண்ணீர்த் தொட்டிக்கு முதல் புத்தகத்தில் ஆறு கால், நாலாவதில் நாலு. மேடத்தின் முழங்கால் உறை இடம் மாறுகிறது. நனைந்த உடை அடுத்த கட்டத்தில் காய்ந்திருக்கிறது. ஆபீஸில் எழுதுகிற மாதிரியே அட்டவணை போட்டேன்: எந்தப் பக்கம், என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கிறது, எவ்வளவு தீவிரம். மொத்தம் நாற்பத்தொன்று. பதினேழாவதற்கு மட்டும் மிகத் தீவிரம் என்று போட்டேன். அவளால் இரண்டு மாடிதான் குதிக்க முடியும். ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது மூன்றாவது மாடி உயரத்தில். கதையின் அடிப்படை விதியே மீறப்பட்டிருக்கிறது. பெருமையோடு அனுப்பினேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏளா, நீ எழுதுனது லெட்டரா, சார்ஜ் ஷீட்டா?” என்று கேட்டார். உங்களுக்கு என்ன தெரியும் என்றேன். “நன்றி அக்கா, பார்க்கிறேன்” என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அடுத்த சந்தையில் மூலை மேசை காலியாக இருந்தது. மகள் ஹாலை இரண்டு முறை சுற்றி வந்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு முன்னால் தனியாக நடந்தாள். ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு வரைந்ததை நாற்பத்தொரு துண்டாகப் பிய்த்து அவள் மேசையிலேயே போட்டிருக்கிறேன் என்று நடுத்தெருவில் உறைத்தது. மன்னிப்புக் கேட்டு இரண்டு முறை மெயில் எழுதினேன். பதில் இல்லை. மகளிடம் எதையும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை.

அந்த மாதங்களில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. மகள் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் எல் போர்டை வரைந்துகொண்டிருந்தாள். முன்பெல்லாம் ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் என் மடியில் கொண்டுவந்து போடுவாள். ஒருநாள் நான், “ஏட்டி, இந்தக் கையில ஆறு வெரலு இருக்கு பாரு,” என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவள் எண்ணிப் பார்த்தாள். நோட்டை மூடினாள். அதற்குப் பிறகு அந்த நோட்டு என் மடிக்கு வரவே இல்லை. நான் அறைக்குள் நுழைந்தால் அதன் மேல் பாடப்புத்தகம் ஏறிவிடும். பதினாறு வருஷ அனுபவக்காரிக்கு இந்த ஒரு பிழையைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

சங்கராந்தி முடிந்து அடுத்த சந்தை வந்தது. போகவே பயமாக இருந்தது. போனோம். மூலை மேசையில் அந்தப் பெண் இருந்தார், டிபன் பாக்ஸ் இருந்தது. பழைய நாலு புத்தகங்கள்தான் இருந்தன. மகள் மூச்சு வாங்க முன்னால் போய், ஐந்தாவது எங்கே என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“உங்க லிஸ்ட்தான் அக்கா பாத்துட்டிருக்கேன்,” என்று ஒரு ஃபைலைத் திறந்தார். என் அட்டவணை பிரிண்ட் எடுக்கப்பட்டு, மேலிருந்து வரிசையாகப் பென்சிலால் டிக் போட்டு வந்திருந்தது. மச்சம் சரி. முழங்கால் உறை சரி. நான் நினைத்ததுபோல அவர் மனம் உடைந்து போகவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்திருக்கிறார். நான் சொன்னபடி கேட்டிருக்கிறார். “பட்டறையில ஒரு கோடு தப்பா இருந்தா அந்த டிராயிங் கீழ மெஷினுக்குப் போகாது அக்கா. முன்ன இருக்கறதைச் சரி பண்ணாம கைக்கு அடுத்தது போடறது?” ஏன் போட வேண்டுமாம். “அதான் நாலையும் மறுபடி வரையறேன். உங்க மெயிலெல்லாம் வந்துச்சு. முடிச்சிட்டே பதில் போடலாம்னு இருந்தேன்.” ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் தொட்டிக்குக் கால் வரைவதில் போயிருக்கின்றன. பதினாறு டிக் இருந்தது. பதினேழில் பென்சில் நின்றிருந்தது. “ஸ்டிக்கரை ரெண்டாவது மாடிக்கு இறக்கினா யாரு வேணாலும் ஏணி போட்டு எடுத்துடலாம். கடைசிப் பக்கமே செத்துப்போகுது. அங்கதான் மாட்டிட்டேன்.”

மகள் ஃபைலைத் தன் பக்கம் திருப்பினாள். மேலே என் பெயர் இருந்தது. அதைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, “நுவ்வா?” என்றாள். நீயா. அந்த ஒரு வார்த்தையில் இருந்த ஏமாற்றத்தை என் ஆபீஸில் எந்த அட்டவணையிலும் போட முடியாது. நான்தான் என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் மேசையிலிருந்த பென்சிலை எடுத்தாள். தெலுங்கும் இங்கிலீஷுமாக அந்தப் பெண்ணிடம் சொல்ல ஆரம்பித்தாள். தொட்டிக்கு நாலு காலா? மற்ற இரண்டும் பின்பக்கம் மறைந்திருக்கின்றன. உடை காய்ந்துவிட்டதா? ஏப்ரல் மாதம், ஹைதராபாத், காயாமல் என்ன செய்யும்? மேடத்துக்கு இரண்டு முழங்காலிலும் வலி, ஆனால் உறை ஒன்றுதான் இருக்கிறது, அதனால் மாற்றி மாற்றிப் போடுகிறார். இதையெல்லாம் அங்கே நின்று யோசித்துச் சொல்லவில்லை. படித்த நாளிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் பிழை என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் அவள் ஒரு காரணத்தைக் கட்டி வைத்திருந்தாள். பிடித்துப்போனதற்காக அவள் உழைத்திருக்கிறாள். நானும் பிடித்துப்போய்த்தான் உழைத்தேன், ஆனால் நேர் எதிர் திசையில்.

பதினேழுக்கு வந்தாள். “இதுக்கு என்ன சொல்லுத?” என்று நானே கேட்டேன். ஆவல் தாங்கவில்லை.

அவள் கடைசிப் பக்கத்தைத் திறந்து சிவப்புப் புள்ளியின் மேல் விரல் வைத்தாள். “எக்கிந்தி கதா?” என்றாள்.

ஏறிவிட்டாள் அல்லவா. அவ்வளவுதான். தன்மீதே கோபம், அழுகை, உரித்த ஸ்டிக்கரோடு எம்பியிருக்கிறாள். எத்தனை மாடி என்று அவள் எண்ணவில்லை. மேடம் கால் முறிந்து கீழே கிடந்தார், அவரும் பார்க்கவில்லை. இரண்டு மாடிப் பெண் மூன்றாவது மாடிக்குப் போயிருக்கிறாள், அதுவும் இனி இந்த வேலையே வேண்டாம் என்று விட்ட நாளில்.

வரைந்தவர் அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். “ஹவ்,” என்றார் மெதுவாக. ஆமாம் என்பதற்கு அவர்கள் வீட்டு வார்த்தை. “நானும் பாக்கலயே.” பிறகு ஃபைலை மூடி, டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தார். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன். மேசை குறுக்கே இருந்தது.

ஐந்தாவது புத்தகம் மழைக்கு முந்தின சந்தையில் வந்தது. தொட்டிக்கு மறுபடி ஆறு கால். பள்ளிக்கூடப் பையோடு போகிற எல் போர்டு நிமிர்ந்து பார்க்கிறாள், ஸ்டிக்கர் மேலே இருக்கிறது. யார் இவ்வளவு உயரத்தில் ஒட்டியது என்று காவல்காரர் கேட்கிறார். நான்தான், என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்று மாடிகளை எண்ணுகிறாள். மூன்று பக்கத்துக்கு வசனமே கிடையாது. பையைக் கழற்றிவைத்துவிட்டுக் குதிக்கிறாள். முதல் தடவை தவறுகிறது. இரண்டாவது தடவை ஸ்டிக்கர் கையோடு வருகிறது. அதைக் கிழித்துப் போடுவாள் என்று நான் நினைத்தேன். அவள் அதை மறுபடி முதுகிலேயே ஒட்டிக்கொள்கிறாள். கீழே மாவுக்கட்டோடு வந்து நிற்கிற மேடம் கேட்கிறார்: “மேலே இருந்து என்ன தெரிஞ்சது?” அவள் சொல்கிறாள்: “உங்க மாடியில துணி காயுது மேடம். உப்பல் பக்கம் மழை வந்துட்டுது.” இரண்டு பேரும் துணி எடுக்க ஓடுகிறார்கள். கடைசி அட்டையின் உள்பக்கம் பொடி எழுத்தில், பதினேழாவது பிழைக்கு நன்றி என்று இருந்தது. அது எனக்கா அவளுக்கா என்று வீட்டில் இரண்டு நாள் சண்டை. வீட்டுக்காரர், “ரெண்டு பேருக்கும் இல்ல, பிழைக்குத்தான்,” என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கட்டிலில் சாய்ந்திருந்தேன். மகள் வந்தாள். கணக்கு நோட்டை என் மடியில் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். திறந்தேன். எல் போர்டு ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குத் தாவுகிறாள். என் கண் என்ன செய்யும், எண்ணத்தான் செய்தது. ஸ்டிக்கரில் எல் திரும்பியிருந்தது. ஒரு செருப்பு காணவில்லை. வலது கையில், வழக்கம்போல, ஆறு விரல். பதினொன்று வரை வந்தேன்.

“எத்தனை தப்பும்மா?” என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

பக்கத்தைப் புரட்டினேன். வெறுமையாக இருந்தது.

“அடுத்த பக்கம் எங்கட்டி?” என்றேன்.

“இன்னும் வரையல,” என்றாள். “தள்ளி உக்காரு.”